எட்டு விரல் இடைவெளி

வெறும் லொறியை இரண்டாம் கியரில்தான் எடுப்பது. முதலாம் கியர் பாரத்துக்கு. மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் இடையில் பதினெட்டு வருசம் ஓடிய அருளப்பு இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை தன்பாட்டில் போய்விடும். அன்று பின்னேரமும் அப்படித்தான் போனது. கிளச்சை விட்டான். லொறி ஓர் அடி முன்னுக்கு அசைந்து, இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது.

கைப்பிறேக்கை விட மறந்துவிட்டேனாக்கும் என்று பார்த்தான். மறக்கவில்லை. சில்லு மணலில் புதையவும் இல்லை, கடற்கரையை ஒட்டிய தார் ரோட்டின் ஓரத்தில்தான் நின்றது. இறங்கிப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். தலைமன்னார்ச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் இறக்கியாகிவிட்டது. தட்டில் நாலைந்து வெறுஞ்சாக்கும் ஒரு கயிறும் கிடந்தன. திரும்பிவந்து முதலாம் கியரில் போட்டான். கருங்கல் ஏற்றியதுபோல முனகிக்கொண்டு நகர்ந்தது.

சோளகக் காற்று மணலைத் தூக்கி ரோட்டின் குறுக்கே இழைத்துக்கொண்டிருந்தது. மிதியை அடிமட்டும் அழுத்தியும் மணிக்குப் பத்து மைல் தாண்டவில்லை. புகை கறுத்தது, சூட்டு முள் ஏறியது, வண்டிக்குள் எரிந்த டீசலின் நெடி நிறைந்தது. ஒரு கழுதை கூட்டத்திலிருந்து பிரிந்து கொஞ்சத் தூரம் அவனோடு சமமாக நடந்து வந்தது. அந்த அவமானத்தை வேறு சகித்துக்கொண்டு அவன் ஓட்டினான். பேசாலை தாண்டி, ரோட்டோரத்துக் கூட்டுக்குள் அந்தோனியார் நிற்கிற சுருவத்தடிக்கு வந்ததும் என்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியோடு நின்றது.

டீசல் பாதையில் காற்றுப் பிடித்திருக்கும் என்று நினைத்தான். பழைய லொறியில் அதுதான் முதல் சந்தேகம். பில்டரின் மேலாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். ஒரு குமிழி இல்லை. சுத்தமான டீசல் விரல்களுக்கு மேலால் வழிந்தது. ஆணியை இறுக்கி ஸ்ராட் பண்ணினால், ஒரே தொடுகையில் பிடித்தது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், நாலாம் கியர். ஊரடங்குக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போதே பறந்தடித்து வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாளும் இதே கதை. அதற்கு அடுத்த நாளும் இதே கதை. அதே கரையில் இழுவை குறைந்தது, அதே சுருவத்தடியில் நின்றது.

அந்தக் கரையில் அவன் லொறியை நிற்பாட்டுவதற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னர், எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனியில், இதே லொறியில் முப்பத்தாறு பேரை ஏற்றிவந்து அங்கேதான் இறக்கினான். வீடுவாசலை விட்டு இராமேஸ்வரத்துக்கு ஓடுகிற சனம். அவனுடைய மனைவி கிறேஸும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் அந்த முப்பத்தாறுக்குள் அடக்கம். மூத்தவள் பெற்றிசியாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டிருந்ததால் வள்ளக்காரன் ஏற்றமாட்டேன் என்று நின்றான். இவளை விட்டுப் போகமாட்டேன் என்று கிறேஸ் மணலில் குந்தியிருந்து அழுதாள். அருளப்புதான் அதட்டினான்.

"நீ கைப்பிள்ளையோட முன்னுக்குப் போ. இவளுக்குச் சுகம் வந்த உடன நான் கூட்டிக்கொண்டு வாறன்."

வள்ளம் அக்கரை போய்ச் சேரவில்லை. ஓர் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாமல் கோயிலில் பூசை மட்டும் வைத்தார்கள். பெற்றிசியாவிடம் அம்மா மண்டபம் முகாமில் சுகமாக இருக்கிறா என்று சொல்லிவைத்திருந்தான். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் திரும்பும்போது அந்தக் கரையில் பத்து நிமிசம் நின்று கடலைப் பார்த்துவிட்டு வருவான். பார்த்து என்ன காணப்போகிறான்? ஆனாலும் நிற்காமல் போக அவனால் முடியவில்லை.

கலந்தரின் கராஜ் மன்னார் பட்டினத்துக்குள் இருந்தது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து அடிவாங்கியவர்கள். கலந்தர் மூன்று பின்னேரம் அந்த லொறிக்குக் கீழே கிடந்தான். தாங்கியைக் கழற்றிக் கழுவினான். மூடியின் காற்றுத்துளையைக் குத்திவிட்டான். செப்புக் குழாயை வாயால் ஊதிப் பார்த்து, வாயில் வந்த டீசலைத் துப்பிக்கொண்டே பகிடி விட்டான்.

"உனக்குத்தான் வயசு போட்டுது மச்சான், லொறிக்கில்லை. இது இன்னொரு கலியாணம் கட்டும்."

சில்லுகளை உயர்த்திக் கையால் சுற்றினான்; பிறேக் இறுகவில்லை. கிளச் வழுக்கவில்லை. டீசலைச் சீறவிடும் முனைகள் நாலையும் கழற்றிப் பார்த்தான், பூந்தூறலாகச் சீறின. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

"ஒரு குறையும் இல்லை. நாளைக்கு நானும் வாறன். எனக்கு முன்னால நிக்கட்டும் பாப்பம்."

மறுநாள் கரையில் லொறி நின்றதும் கலந்தர் இறங்கிப் பின்சில்லுக்கு மேலால் கையை விட்டான். பின்ஸ்பிறிங்கின் தகட்டுக் கட்டுக்கும் லொறியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். பாரம் ஏற ஏற அது சுருங்கும். தராசு இல்லாத ஊரில் றைவர்மார் அதை வைத்துத்தான் நிறை சொல்வார்கள். இரண்டு கையின் விரல்களையும் அடுக்கிப் பார்த்தான்.

"எட்டு விரல். வெறும் லொறி."

அருளப்பு பீடி பற்றவைத்துக் கடலைப் பார்த்தான். தண்ணீர் ஈயத் தகடுபோல அசையாமல் கிடந்தது. காற்று இருந்தும் அலைச் சத்தம் இல்லை. அவன் அதைக் கவனிப்பதற்குள் பின்னால் கலந்தரின் குரல் கேட்டது. அதில் பகிடி இல்லை.

"இங்க வா. கையை வை."

மூன்று விரல்தான் போனது. ரயர்கள் கீழே பிதுங்கியிருந்தன. தகடுகள் நிமிர்ந்து நேராகிவிட்டன. தட்டில் அதே வெறுஞ்சாக்கும் கயிறும்தான்.

திரும்பும்போது முதலாம் கியரிலேயே வந்தார்கள். என்ஜின் முனகுவதைக் கலந்தர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே வந்தான். சுருவத்தடியில் லொறி நின்றது. கலந்தர் குதித்துப் போய் இடைவெளிக்குள் கையை வைத்தான். தகடுகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன. கிரீச். ஒரு சின்ன இடைவெளி. கிரீச். ஒழுங்காக வரிசையில் நின்று இறங்குகிற சனத்தின் சத்தம் அது. பின்பலகையோ பூட்டியபடி இருந்தது. கலந்தர் கையை வெடுக்கென்று இழுத்துச் சாரத்தில் துடைத்தான். வாய் எதையோ ஓதியது.

"அண்டைக்குச் சனத்தோட போகேக்க இதில நிண்டனீங்களோ?"

"ஓம். எல்லாரும் இறங்கி மெழுகுதிரி கொளுத்தினவை. கடல் தாண்டப் போகினம் எண்டு."

"லொறியில வருத்தம் ஒண்டும் இல்லை மச்சான். அது சுமக்குது. கடலில மௌத்தானதுகளின்ர பாரம், தண்ணியில ஊறின பாரம். கரையில ஏறுதுகள், தெரிஞ்ச இடத்தில இறங்குதுகள். நாளையில இருந்து அந்தக் கரையில நிக்காத."

அருளப்புவின் காதில் கடைசிச் சொல் விழவேயில்லை. அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தால் மட்டுமல்ல. கிறேஸ் ஒவ்வொரு நாளும் தன்னோடு வந்திருக்கிறாள். ஆறேழு மைல் தூரம், முதுகுக்குப் பின்னால், பிள்ளையோடு. வீட்டுக்கு வரத்தான் ஏறியிருக்கிறாள். இந்த லொறி இழுக்கமாட்டாமல் பாதிவழியில் இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதான்.

"டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டித் தா."

"எதுக்கு?"

"நிக்காமல் வீட்ட போக."

கலந்தர் அவனை நேராகப் பார்த்தான்.

"கிறேஸ் மட்டுமே ஏறினவ? மிச்ச முப்பத்திநாலு பேரும் ஆரின்ர வீட்ட போறது?"

அருளப்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு லொறியில் ஏறினான். கலந்தர் பம்பில் கை வைக்கவில்லை.

அன்றிரவு பெற்றிசியா வழக்கம்போலப் படலையடிக்கு ஓடிவந்து, "அப்பா, கடிதம் வந்ததோ?" என்று கேட்டாள். முகத்தில் கொப்பளத் தழும்புகள் இன்னும் மறையவில்லை. அம்மை வருத்தத்துக்குப் பிறகு பிள்ளை மெலிந்து, தூக்கினால் அரைச் சாக்குச் சீனி அளவுதான் இருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவனுடைய அக்கா றோசம்மா குசினிக்குள் இருந்து, "இன்னும் எத்தினை நாளைக்குப் பொய் சொல்லப்போறாய்?" என்றாள். நாளைக்கு இந்தப் பொய் உண்மையாகிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில் மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் அவன் தனியேதான் கரையில் நின்றான். நாலரை மணி. வெயில் இன்னும் கண்ணைக் கூசவைத்தது. லொறிக்குப் பின்னால் குந்தி இடைவெளிக்குள் கையை வைத்துக் காத்திருந்தான். எட்டு விரல். கடல் சத்தம் நின்றது. தகடு ஒருமுறை தாழ்ந்தது. பிறகு இன்னொருமுறை. உப்பும் பாசியும் அழுகிய சாக்கும் கலந்த மணம் ஒன்று தட்டிலிருந்து இறங்கியது. அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். கடைசியாக ஏறியது மிக மெதுவாக, ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களைப்போல ஏறியது. அதோடு வசம்பு மணம் வந்தது. குழந்தைக்குப் பூசுகிற சுட்ட வசம்பு. தகடுகள் மெல்ல அசையத் தொடங்கின. மேலே, கீழே, மேலே, கீழே. யாரோ காலை நீட்டி இருந்து மடியில் பிள்ளையை ஆட்டுகிறார்கள்.

"கிறேஸ்," என்றான். ஆட்டம் ஒரு கணம் நின்று, திரும்பவும் தொடர்ந்தது.

அவன் முன்மூடியைத் திறந்தான். டீசல் பம்பின் பக்கத்தில் ஒரு சிறிய திருகாணி, கம்பி போட்டு ஈய முத்திரை வைத்திருக்கும். அதற்கு மேல் டீசல் போகக்கூடாது என்பதற்கான முத்திரை. பதினெட்டு வருசத்தில் அதை அவன் தொட்டதில்லை. குறட்டால் வெட்டினான். திருகாணியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றினான். ஏறி ஸ்ராட் பண்ணியதும் என்ஜின் உறுமியது. குழாயிலிருந்து கறுப்புப் புகை ரோட்டை மூடியது. முதலாம் கியர். லொறி அசைந்தது. இரண்டாம் கியருக்கும் ஏறியது.

"வீட்ட போவம்," என்றான் கண்ணாடியைப் பார்த்து. கண்ணாடியில் புகை மட்டும் தெரிந்தது.

பேசாலை பின்னால் போனது. சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. தூரத்தில் அந்தோனியாரின் வெள்ளைக் கூடு தெரிந்ததும் முதலாவது மாற்றம் வந்தது. ஸ்ரியரிங் இலேசாகிவிட்டது. முன்சில்லுகள் ரோட்டில் பதியாமல் மிதந்தன. அவனுக்கு உடனே விளங்கியது. பின்னால் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். இறங்குவதற்காகப் பின்பலகையடிக்குப் போய் நிற்கிறார்கள்.

அவன் மிதியை அழுத்தினான். என்ஜின் திணறியது. நிற்கப் பார்த்தது. நிற்கவில்லை. சுருவக்கூடு பக்கத்தில் வந்தது. அதன் அடியில் எரிந்து முடிந்த மெழுகுதிரிகளின் உருகல் தெரிந்தது. பின்பலகை ஒருமுறை அதிர்ந்தது. இன்னொருமுறை. பிறகு அடி. கைமுட்டியால் அல்ல, உள்ளங்கைகளால். நிறைய உள்ளங்கைகளால். ஒரு குரல் இல்லை. அடி மட்டும். சுருவக்கூடு பின்னால் போனது.

அடி நின்றது.

மெல்ல, மிக மெல்ல, ஸ்ரியரிங் கனக்கத் தொடங்கியது. எல்லாரும் திரும்பி முன்னுக்கு வருகிறார்கள். முன்சில்லுகள் அமுங்கின. கனம் இன்னும் ஏறியது. இப்போது அவர்கள் அவன் இருக்கைக்கு நேர் பின்னால், பலகையோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பலகைத் தடிப்பு. அவ்வளவுதான் இடைவெளி. அவன் பிடரியில் ஈரக்குளிர் பட்டது. திரும்பவில்லை. திரும்பினால் யார் யார் என்று தெரிந்துவிடும். வங்காலையிலிருந்து வந்த அந்தக் கிழவன். கலியாணம் முடித்து ஒரு கிழமையான அந்தப் பொடியனும் பெட்டையும். யாருடைய முகமும் மூன்று மாதமாக அவன் நினைவுக்கு வந்ததில்லை. கிறேஸை மட்டும் நினைத்திருந்தான். இப்போது எல்லா முகமும் வந்தது.

கலந்தர் கேட்ட கேள்வி அப்போதுதான் அவன் காதில் விழுந்தது. ஆனால் வீடு வந்துவிட்டது. ஏழு மணி ஊரடங்குக்குப் பத்து நிமிசம். லொறியைத் திருப்பிக்கொண்டுபோய்ச் சுருவத்தடியில் விட நேரமில்லை, ரோட்டில் ஆமி இறங்கிவிடும். அப்படி அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில் கிறேஸைத் திருப்பிக் கொண்டுபோக அவனுக்கு மனம் வரவில்லை.

முற்றத்துக்குள் லொறியை விட்டு என்ஜினை நிற்பாட்டினான். பின்பலகையின் ஆணிகளை இழுத்தான். பலகை சங்கிலியில் தொங்கியது. தட்டு உலர்ந்து கிடந்தது.

"இறங்கு கிறேஸ். வீடு வந்திட்டுது."

ஒன்றும் அசையவில்லை. அவன் சில்லடிக்குப் போய்க் குந்தி இடைவெளிக்குள் விரல்களை வைத்தான். மூன்று விரல். அப்படியே இருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் பெற்றிசியாவின் குரல் கேட்டது. "அப்பா, கடிதம் வந்ததோ?"

வாயை மூடியிருக்கலாம். உள்ளே போ பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாகப் பொய் சொல்லிச் சொல்லி நொந்துபோன மனம் அவனை முந்திவிட்டது.

"கடிதம் இல்லையடி குஞ்சு. அம்மாவே வந்திட்டா."

குந்தியிருந்த இடத்திலிருந்து லொறிக்குக் கீழால் அவளுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. செருப்பில்லாத மெலிந்த கால்கள், கணுக்காலைச் சுற்றித் தழும்புகள். அவை மணலில் ஓடிவந்து பின்பலகையடியில் நின்றன. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. வெறுந்தட்டை அண்ணாந்து பார்க்கிறாள் என்று நினைத்தான். ஏமாந்துபோய் அழப்போகிறாள்.

"அம்மா," என்றாள் பெற்றிசியா. அழவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டு கால்களும் மணலிலிருந்து எழும்பின. குதிக்கவில்லை. ஏறவுமில்லை. கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினால் எழும்புவதுபோல, ஒன்றாக, நேராக, மேலே போயின.

தகடு தாழ்ந்தது. அரை விரல் அளவு. அரைச் சாக்குச் சீனி. அவனுடைய மூன்று விரல்களும் இரும்புக்கு நடுவில் பிடிபட்டன.

"பிள்ளை! இறங்கு! இறங்கு பிள்ளை!"

றோசம்மா அரிக்கன் லாம்போடு ஓடிவந்தாள். "என்னடா? எங்க பிள்ளை? உன்னட்டத்தானே ஓடி வந்தவள்?" அவள் லாம்பைத் தட்டுக்கு மேலே உயர்த்தினாள். வெறுஞ்சாக்கு. கயிறு. வேறொன்றுமில்லை. பிறகு அவனுடைய கையிலிருந்து வழிகிற இரத்தத்தைக் கண்டு வாயில் அடித்துக்கொண்டாள். "பொறு, பொறு, லொறியைத் தூக்க ஜக்கை எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம்!" என்று அவன் கத்தினான். "தூக்காத! இருக்கட்டும்!"

எலும்பு நொறுங்குகிற நோவுக்குள் அவனுக்கு ஒன்றுமட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கனம் விரலில் இருக்கும்வரைக்கும் பெற்றிசியா மேலே இருக்கிறாள். அவன் மற்றக் கையால் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கிறேஸிடம் கெஞ்சினான். என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றான். இவளை விட்டுவிடு என்றான். அந்தோனியாரே என்றான். எது முதல், எது பிறகு என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

தகடு கிரீச்சிட்டது. விரல் நுனியில் அழுத்தம் ஒரு நூலளவு குறைந்தது.

"இல்லை," என்றான். "இல்லை, இல்லை."

கிரீச். ஒரு சின்ன இடைவெளி. கிரீச். அவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவராக, ஒழுங்காக. அவனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. இருபது. விரல்கள் விடுபட்டன. அவன் கையை எடுக்கவில்லை. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முற்றத்து மணலில் ஒரு சுவடும் விழவில்லை, படலை திறக்கவில்லை, காற்று மட்டும் கடல் பக்கம் திரும்பி வீசியது.

தகடு இன்னும் ஒருமுறை, மிக இலேசாக, அரைச் சாக்குச் சீனி அளவுக்கு, எழும்பியது.